உட்தேர்தலில் முறிந்த கை

முத்துக்கண்ணனின் இடது கையை முறித்தவன் அவனுடைய சொந்த மச்சினன் தவசி. முறித்த கருவி வீல் ஸ்பானர். இடம் போடிநாயக்கனூர் ஜீப்பு ஸ்டாண்டு. காரணம் ஜனநாயகம். ஆள், கருவி, இடம் எல்லாம் முத்துக்கண்ணனுக்கு அடி விழுந்த அந்த நொடியிலேயே தெரிந்திருந்தன. காரணத்தை மட்டும் பிற்பாடு மேடை போட்டு விளக்கவேண்டியிருந்தது.

முத்துக்கண்ணன் சிலமலைக்காரன். விடியற்காலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காயெடுக்கப் போகும் பெண்களை ஜீப்பில் அடைத்து, முந்தல் தாண்டி, மலை வளைவுகளில் முக்கி முனகி ஏற்றி, மேலே தோட்டம் தோட்டமாக இறக்கிவிட்டுச் சாயங்காலம் திரும்ப அள்ளிக்கொண்டு வருவது அவன் பிழைப்பு. ராசிங்காபுரத்துத் தவசிக்கும் அதே பிழைப்புதான். அவன் தங்கை சந்திரவல்லியைத்தான் முத்துக்கண்ணன் கட்டியிருந்தான். மச்சினனும் மாப்பிள்ளையும் ஒரு டீயை இரண்டு கிளாசில் ஊற்றிக் குடிக்கிறவர்கள். ஒருவன் வண்டி மலையில் படுத்துவிட்டால் மற்றவன் கயிறு கட்டி இழுத்துவருவான். இப்படிப்பட்ட இரண்டு பேரை ஒருவர் மண்டையை ஒருவர் பிளக்க வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதற்கென்று ஒரு அமைப்பு வேண்டும். அப்படி ஒன்று இருந்தது. ‘ஏலமலை ஜீப்பு உரிமையாளர் மற்றும் ஓட்டுநர் பொதுநல ஐக்கியப் பேரவை’ என்று அதற்குப் பெயர்.

எந்த ஜீப்பு எப்போது ஸ்டாண்டை விட்டுக் கிளம்பவேண்டும் என்று முறை போடுவது பேரவையின் பணி. பேரவைத் தலைவர் தலையசைத்தால் வண்டியில் ஆள் ஏறும். முகத்தைச் சுளித்தால் வண்டி நாள்பூரா வெயிலில் காயும். ஆகவே அந்தப் பதவிக்கு ஊரில் எம்.எல்.ஏ. பதவியைவிட மரியாதை அதிகம். அழகுராஜா என்பவர் யாருக்கும் ஞாபகமில்லாத காலத்திலிருந்து அதில் உட்கார்ந்திருந்தார். அவரை இறக்குவதற்கென்று ஒவ்வொரு தேர்தலிலும் ஞானதுரையும் வீரையாவும் தனித்தனியாக நிற்பார்கள். எதிர் ஓட்டு இரண்டாகப் பிரியும். அழகுராஜா போன தடவை போட்ட மாலையைக் கழற்றாமலேயே அடுத்த தவணைக்கும் உட்கார்ந்துவிடுவார்.

இந்த நிலைமையில்தான் ஞானதுரையின் அக்கா மகன் பிரேம்சிங் அமெரிக்காவிலிருந்து திரும்பிவந்தான். அங்கே நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் பங்க் ஒன்றில் கல்லாவில் நின்றவன். கல்லாவுக்கு எதிர்ச்சுவரில் ஒரு டிவி இருந்திருக்கிறது. வாடிக்கையாளர் பேசுவது காதில் விழவேண்டும் என்பதற்காக முதலாளி அதில் சத்தம் வைக்க விடமாட்டாராம். அந்த நாட்டு அரசியலைப் பிரேம்சிங் படமாகவே பார்த்துப் படித்துத் தேறியிருந்தான்.

எதிரணிக்காரர்களைக் கல்யாண மண்டபத்தில் கூட்டிவைத்து, போடி வெயிலில் நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு அவன் பேசினான்.

“அமெரிக்காவுல ஜனாதிபதி எலெக்சன் எப்படி நடக்குதுன்னு நெனைக்கிறீங்க? எதிர்க்கட்சிக்காரனோட மோதுறதுக்கு முன்னாடி சொந்தக் கட்சிக்காரனோட மோதுவாங்க. அதுக்குப் பேரு உட்தேர்தல். ஒருத்தன ஒருத்தன் திருடம்பாங்க, பொய்யம்பாங்க, வம்சத்தையே இழுப்பாங்க. கடைசியில ஒருத்தன் ஜெயிப்பான். ஜெயிச்சவனும் தோத்தவனும் கட்டிப்பிடிச்சுக்கிட்டு ஒண்ணா ஓட்டுக் கேக்கப் போயிருவாங்க. மேலயிருந்து பலூன் விழும். பேசுனதெல்லாம் அத்தோட மறந்துபோயிரும். சும்மாவா வல்லரசு ஆனாங்க?”

“அடிச்சுக்குவாங்களாண்ணே?” என்று பின்வரிசையில் ஒருவன் ஆர்வமாகக் கேட்டான்.

பிரேம்சிங் யோசித்தான். “சத்தம் இல்லாமத்தான் பாத்தேன். ஆனா கைய நீட்டி நீட்டித்தான் பேசுனாங்க.”

கூட்டம் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டது. அழகுராஜாவை எதிர்த்து நிற்கப்போவது ஞானதுரையா வீரையாவா என்பதை உட்தேர்தல் வைத்து முடிவு செய்வது என்றாயிற்று.

முத்துக்கண்ணன் வீரையா அணியில் சேர்ந்ததற்குக் கொள்கை என்று ஒன்றும் கிடையாது. ஸ்டாண்டில் அவன் வண்டி நிற்கிற இடத்தில் வேப்பமர நிழல் விழும். அந்த நிழல் வீரையாவின் எல்லை. தவசியின் வண்டி நிற்பது பெட்டிக்கடைப் பக்கம். அது ஞானதுரையின் எல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாக்கடை. ‘வீரையா அணி வாழ்க’ என்று முத்துக்கண்ணனும் ‘ஞானதுரை அணி வாழ்க’ என்று தவசியும் கத்திவிட்டு, சாக்கடையைத் தாண்டி வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். விவாத மேடை நடக்கிறவரைக்கும்.

விவாத மேடையும் அமெரிக்க முறைதான். வேட்பாளர்கள் இருவரும் ஆளுக்கொரு மைக்கின் பின்னால் நின்றுகொண்டு மாறி மாறிப் பேசவேண்டும். நேரம் முடிந்தால் பிரேம்சிங் மணியடிப்பான். மாதாகோயில் பூசைக்கு அடிக்கிற பித்தளைக் கைமணி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தான்.

ஞானதுரை ஆரம்பித்தார். “வீரையா ஜீப்புக்குப் பிரேக்கு கெடையாது. மலையில சாஞ்ச வண்டியில ரோஜாங்கற பொம்பளைக்குக் காலு போச்சு. இன்னிக்கி வரைக்கும் அந்தப் பொம்பளைய எட்டிப்பாத்தானா இந்த ஆளு?”

வீரையா மைக்கைப் பிடித்தார். “அந்த வண்டிய எனக்கு வித்ததே இந்த ஆளுதான்யா! பிரேக்கு இல்லேன்னு தெரிஞ்சுதான் வித்தான்!”

இரண்டும் உண்மை என்பது மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பேரவை மேடையில் உண்மை பேசி யாரும் கேட்டதில்லை என்பதால் என்ன செய்வதென்று விளங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் ஒரு நாற்காலி பறந்தது. அது எந்த அணியின் நாற்காலி என்று பார்ப்பதற்குள் அடுத்தது. பிரேம்சிங் நேரம் முடிந்துவிட்டது என்று மணியடித்துக்கொண்டே இருந்தான். யாரோ மணியைப் பிடுங்கி அவன் தலையில் அடித்தபோது அது நல்ல சுருதியோடு ஒலித்தது.

மறுநாள் ஞானதுரையின் ஜீப்பு ஒன்று ஆற்றங்கரையில் எரிந்தது. அதற்கு மறுநாள் மலையில் வீரையாவின் ஏலத்தோட்டத்துக்குள் ஆட்கள் புகுந்து, பூவும் பிஞ்சுமாக நின்ற செடிகளை வேரோடு வெட்டிச் சாய்த்தார்கள். சிகரெட் வாங்கப் போனவனுக்குக் காது கிழிந்தது. வீரையா ஆள் ஒருவனைப் பேருந்திலிருந்து இழுத்துப் போட்டு மிதித்ததில் அவனுக்கு ஒரு கண் வெளிச்சம் போயிற்று. “பிரச்சாரம் சூடுபிடிச்சிருக்கு,” என்றான் பிரேம்சிங், தலையில் கட்டோடு.

ஒரு கொடியால்தான் முத்துக்கண்ணனின் முறையும் வந்தது. ஸ்டாண்டு நடுவில் இருக்கிற ஒற்றை விளக்குக் கம்பத்தில் வீரையா கொடியைக் கட்டச் சொல்லி அவனை அனுப்பினார்கள். அவன் போனபோது தவசி அதே கம்பத்தில் ஞானதுரை கொடியைக் கட்டிக்கொண்டிருந்தான். டயர் மாற்றிக்கொண்டிருந்தவனை எழுப்பி அனுப்பியிருந்தார்கள். கையில் ஸ்பானர் அப்படியே இருந்தது.

“மச்சான், கொஞ்சம் கீழ எறக்கிக் கட்டு. இதையும் கட்டிட்டுப் போறேன்,” என்றான் முத்துக்கண்ணன்.

“கட்டிக்க மாப்ளே,” என்றான் தவசி.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அதற்குள் இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்துவிட்டது. “எறக்காதடா தவசி! நம்ம கொடிய எறக்குவியா?” என்று அந்தப் பக்கம். “கேக்குறான் பாரு கெஞ்சிக்கிட்டு! ஆம்பளையாடா நீ?” என்று இந்தப் பக்கம். யாரோ முத்துக்கண்ணனைப் பின்னாலிருந்து தள்ளினார்கள். அவன் போய்த் தவசிமேல் மோதினான். “போடுடா! போடு!” என்று சத்தம் எழும்பியது. தவசியின் முகம் முத்துக்கண்ணனுக்கு மிகவும் பக்கத்தில் தெரிந்தது. அந்த முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. ஸ்பானர் மேலே போனதையும் கீழே வந்ததையும் அவன் பார்த்தான். ஏலத்தட்டை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. முழங்கைக்குக் கீழே கை வேறு ஒரு திசையில் திரும்பித் தொங்கிற்று.

விழுந்த இடத்தில் ஒரு ஜாக்கி லீவர் கிடந்தது. நல்ல கையால் அதை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு வீசினான். கண்ணைத் திறந்தபோது தவசி கம்பத்தைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தான். ரத்தம் கண்ணை மறைத்து, தாடையில் வழிந்து, அவிழ்ந்து மடியில் விழுந்திருந்த அவன் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கைதட்டினார்கள்.

பெரியாஸ்பத்திரியில் படுக்கை தட்டுப்பாடு. இருவரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். சந்திரவல்லி ஒரே தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்து இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்றாள்.

“ஒருத்தன் தாலி கட்டுனவன். ஒருத்தன் கூடப் பொறந்தவன். எவனுக்கு மொதல்ல ஊட்டுறதுன்னு உங்க பேரவையில கேட்டுச் சொல்லுங்க.”

இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள். அன்று மதியம் வீரையா ஆப்பிளோடு வந்து முத்துக்கண்ணன் தலைமாட்டில் நின்று படமெடுத்துக்கொண்டார். “இந்தக் கைக்குப் பதில் சொல்லாம வீரையா கண்ணு மூடமாட்டான்,” என்றார். அவர் போனதும் ஞானதுரை ஆரஞ்சோடு வந்து தவசி தலைமாட்டில் நின்றார். “இந்த ரத்தத்துக்கு விலை இருக்கு,” என்றார். விலை சொல்லவில்லை.

உட்தேர்தலில் ஞானதுரை ஜெயித்தார். வீரையா ஒத்துக்கொள்ளவில்லை, அவர் ஆட்கள் டயர் கொளுத்தினார்கள். பேச்சுவார்த்தைக்காக இரண்டு தலைவர்களும் ஒரு லாட்ஜு அறைக்குள் போனார்கள். வெளியே இரண்டு அணியும் சங்கிலி, தடி, உடைத்த பாட்டில் சகிதம் எதிரெதிரே நின்றன. முத்துக்கண்ணனும் மாவுக்கட்டுப் போட்ட கையோடு நின்றான். நிற்காவிட்டால் வண்டிக்கு முறை கிடையாது என்று சொல்லியிருந்தார்கள். வீரையா உள்ளேயிருந்து இருமினால் அடிக்க ஆரம்பிக்கவேண்டும் என்பது உத்தரவு. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே வீரையா சிரித்தார். சிரித்தால் என்ன செய்வது என்று உத்தரவில் இல்லை.

கதவு திறந்தது. ஞானதுரையும் வீரையாவும் தோளில் கைபோட்டபடி வெளியே வந்தார்கள். வீரையாவின் கழுத்தில் ‘செயல் தலைவர்’ என்று எழுதிய பட்டை இருந்தது.

“ஒற்றுமை ஆயிருச்சு!” என்று பிரேம்சிங் கத்தினான். “கையில இருக்கறதெல்லாம் கீழ போடுங்க. கைதட்டுறதுக்குக் கை வேணும்!”

அங்கேயே நாற்காலிமேல் ஏறி வீரையா பேசினார். “இவர நான் திருடன்னு சொன்னேன். வாஸ்தவம். ஆனா அன்னிக்கிப் பேசுனது வேட்பாளர் வீரையா. அவன் பேசுனதுக்கு நான் பொறுப்பாக முடியாது. அந்த ஆள எனக்கே பிடிக்காது.”

ஞானதுரை கண் கலங்கிப் பதில் சொன்னார். “அண்ணன் வண்டிக்குப் பிரேக்கு இல்லேன்னு சொன்னேன். இப்பவும் இல்லதான். ஆனா இப்ப அது நம்ம வண்டி!”

ஆரவாரம் அடங்கியதும் முத்துக்கண்ணன் வீரையாவை நெருங்கினான். “அண்ணே, எங் கையி?”

“எந்தக் கையி?” என்றார் வீரையா.

பிரேம்சிங்தான் அவனுக்கு ஒரு பதில் கண்டுபிடித்தான். அழகுராஜாவை எதிர்த்து மலைமேல் தோட்டம் தோட்டமாகப் பிரச்சாரம் போகும்போது இரண்டு அணியிலும் அடிபட்டவர்களை ஒரே ஜீப்பில் ஏற்றி, எல்லா வண்டிக்கும் முன்னால் விடவேண்டும் என்றான். அதற்குக் ‘காயப்பட்டோர் அணி’ என்று பெயர் வைத்தான். காது கிழிந்தவன், கண் போனவன், விலா உடைந்தவன் எல்லோரும் ஏறினார்கள். டிரைவருக்குப் பக்கத்தில், மக்கள் கண்ணில் படுகிற இடத்தில், முத்துக்கண்ணனும் தவசியும் ஒட்டி உட்காரவைக்கப்பட்டார்கள். வளைவு வரும்போதெல்லாம் கை தலையிலும் தலை கையிலும் இடித்தது.

முதல் தோட்டத்தில் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தின் முன்னால் வண்டியை நிறுத்தி, ஞானதுரை ஒலிபெருக்கியைப் பிடித்தார். முத்துக்கண்ணனின் மாவுக்கட்டைத் தொட்டுக் காட்டினார்.

“தாய்மார்களே! இந்த ஏழையோட கைய முறிச்சது யாரு? அழகுராஜா! இந்தா, இவன் மண்டையப் பொளந்தது யாரு? அழகுராஜா!”

முத்துக்கண்ணன் குனிந்து கிசுகிசுத்தான். “அண்ணே, எங் கைய முறிச்சது இந்தா ஒக்காந்திருக்கானே, இவனில்ல?”

“அது உட்தேர்தல் கையிடா,” என்றார் ஞானதுரை, மைக்கை மூடிக்கொண்டு. “இப்ப நடக்கறது பொதுத்தேர்தல்.”

“ஒரே கையிதானண்ணே?”

“அரசியல் தெரியாமப் பேசாத.”

கூட்டத்திலிருந்து ஒருத்தி காலை இழுத்து இழுத்து முன்னால் வந்தாள். நல்ல உயரம், தலையில் துண்டு, இடுப்பில் காயெடுக்கும் கூடை. அவளைப் பார்த்ததும் வீரையா கும்பிட்டார். “இந்தா பாருங்க, நம்ம ரோஜா! இந்தத் தாயோட கால ஒடிச்சதும் அந்த அழகுராஜாதான்!”

“நான் வண்டிக்குள்ளதான்யா இருந்தேன்,” என்றாள் ரோஜா. “அழகுராஜா அதுல இல்லையே. ஒங்க டிரைவரு ‘பிரேக்கு பிடிக்கல, குதிங்க’ன்னான். குதிச்சேன். அழகுராஜா எங்கிட்டுருந்து வந்தாரு?”

“அது பழைய பிரச்சனம்மா. ஒற்றுமைக்கு முந்துனது.”

“எங் காலு ஒற்றுமைக்குப் பிந்தியும் இழுக்குதே.”

லயத்துப் பெண்கள் சிரித்தார்கள். பிரேம்சிங் பாட்டைப் போடச் சொன்னான்.

நாளாக நாளாகப் பிரச்சாரத்துக்கு ஒரு கஷ்டம் வந்தது. காயங்கள் ஆறத் தொடங்கின. தவசியின் தையல் காய்ந்து, மேலே முடி முளைத்துவிட்டது. பிரேம்சிங் தினமும் காலையில் அவன் தலையில் புதுத் துணி சுற்றி, அதன்மேல் சிவப்பு மருந்தைத் தாராளமாக ஊற்றினான். முத்துக்கண்ணனுக்கு வேறு கஷ்டம். மேட்டுப் பனியில் நனைந்து நனைந்து மாவுக்கட்டு இளகி, உள்ளே எலும்பு கூடாமல் அசைந்தது. வேறு கட்டு உடனே போடவேண்டும் என்று டாக்டர் திட்டினார். “எலெக்சன் முடியட்டும். இந்த அழுக்குக் கட்டுலதான் ஒரு இது இருக்கு,” என்றான் பிரேம்சிங்.

“வலிக்குதுண்ணே. ராத்திரி ஒறங்க முடியல.”

“அந்த மொகத்தோடயே வா. அதுக்குத்தான் ஓட்டு விழுது.”

கடைசிப் பயணத்தன்று ஒரு கொண்டை ஊசி வளைவில் யார் வண்டி முதலில் திரும்புவது என்று ஞானதுரை ஆட்களுக்கும் வீரையா ஆட்களுக்கும் தகராறு. வளைவில் ஒரு வண்டிக்குத்தான் இடம். ஒற்றுமைக்கு இரண்டு தலைவர்கள். “செயல் தலைவர்தான் மொதல்ல செயல்படணும்!” என்று ஒருவன் கத்தினான். அவன் வாயில் கல் விழுந்து பல் தெறித்தது. கொடிக்கம்புகள் உருவப்பட்டன. ஒருவனைத் தூக்கிச் சரிவில் வீசினார்கள். அவன் ஏலச்செடிகளுக்குள் உருண்டு போகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. ஊர்வலத்தைத் தாக்குவதற்கென்றே மேல் வளைவு டீக்கடையில் பதுங்கியிருந்த அழகுராஜாவின் ஆட்கள் தடியோடு இறங்கி வந்தார்கள். வந்து பார்த்தார்கள். தங்களுக்கு அங்கே சோலி இல்லை என்று தெரிந்துகொண்டு திரும்பிப் போய் மிச்ச டீயைக் குடித்தார்கள்.

அப்புறம் போடியில் நிறைவுக் கூட்டம். சாயங்கால வெயில் இறங்காத நேரம். மேடைக்கு மேலே வலை கட்டி அதில் பலூன் அடைத்திருந்தார்கள். காயப்பட்டோர் அணியை வரிசையாக ஏற்றினார்கள். முன்வரிசைப் பெண்கள் பகுதியில் சந்திரவல்லி உட்கார்ந்திருந்தாள்.

“அடிச்சுக்கிட்ட மச்சானும் மாப்பிள்ளையும் இன்னிக்கி ஒரே மேடையில! எதனால? தலைவர்கள் ஒண்ணு சேந்ததனால!” என்று பிரேம்சிங் முழங்கினான். அவன் காட்டிய சைகையில் வீரையா தவசியின் வலது கையைப் பிடித்துத் தூக்கினார். ஞானதுரை முத்துக்கண்ணனின் கையைப் பிடித்தார். அவர் நின்ற பக்கம் இடது கைதான் இருந்தது.

“அண்ணே, அந்தக் கை வேணாம்…”

ஞானதுரை அதைத் தலைக்கு மேலே ஒரே வெட்டாக வெட்டி இழுத்துத் தூக்கினார். உள்ளே எலும்பு ஒடிந்தது. மைக்கு பக்கத்தில் இருந்ததால் அந்தச் சத்தம் மைதானத்தின் நான்கு மூலைப் பெட்டிகளிலும் கேட்டது. கூட்டம் அதை வேட்டு என்று நினைத்துக் கைதட்டியது. முத்துக்கண்ணன் அலறினான்.

“உணர்ச்சிவசப்பட்டுட்டாரு!” என்றான் பிரேம்சிங். பலூனை அவிழ்த்துவிட்டார்கள்.

ஞானதுரை பிடியை விடவில்லை. படமெடுக்கிறவன் இன்னொன்று, இன்னொன்று என்று விரல் காட்டிக்கொண்டிருந்தான். முத்துக்கண்ணனுக்குக் கால் மடிந்து, தூக்கிய கையிலேயே உடம்பு தொங்கியது.

“கைய விடுங்கண்ணே,” என்றான் தவசி.

“போட்டோ முடியட்டும்டா,” என்றார் வீரையா பல்லிடுக்கில்.

“மாப்ள செத்துருவாண்ணே. விடுங்க.”

“சிரி. கேமராவப் பாரு.”

தவசி கேமராவைப் பார்க்கவில்லை. தையல் போட்ட மண்டையாலேயே வீரையாவின் மூக்கில் ஒரு முட்டு முட்டினான். மூக்கு சப்பென்று உட்கார்ந்தது. மைக் ஸ்டாண்டைப் பிடுங்கி ஞானதுரையின் முழங்கையில் ஓங்கி அடித்தான். பிடி விட்டு அவர் கீழே விழுந்தார். தலைவர் விழுந்ததைப் பார்த்த ஞானதுரை அணி வீரையா அணிமேல் பாய்ந்தது. தலைவர் மூக்கில் ரத்தத்தைப் பார்த்த வீரையா அணி ஞானதுரை அணிமேல் பாய்ந்தது. பலூன்கள் மிதிபட்டு வெடித்தன; எது பலூன், எது மண்டை என்று சத்தத்தில் பிரிக்க முடியவில்லை. மேடைக் கால் ஒன்று சாய்ந்தது. சந்திரவல்லி நாற்காலி ஒன்றைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்தாள். எதிர்ப்பட்ட ஒருவனை அந்த நாற்காலியாலேயே நகர்த்தினாள். அண்ணனும் தங்கையுமாக முத்துக்கண்ணனை இழுத்துப்போய் ஜீப்பில் போட்டார்கள்.

வழியில் முத்துக்கண்ணன் கண்ணைத் திறந்தான். “மச்சான்.”

“பேசாம வா மாப்ளே.”

“அன்னிக்கி எதுக்கு அடிச்ச?”

தவசி கியரை மாற்றினான். “தெரியல மாப்ளே. எல்லாப் பயலும் கத்துனானுக. ஸ்பானர் கையில இருந்துச்சு. நான் அடிக்கலேன்னா என்னைய அடிச்சிருப்பானுக.” மூக்கை உறிஞ்சினான். “டயர் மாட்டிக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“எனக்கும் ஒண்ணும் தெரியல,” என்றான் முத்துக்கண்ணன். “கண்ண மூடிக்கிட்டுத்தான் வீசுனேன்.”

நடுவில் உட்கார்ந்திருந்த சந்திரவல்லி இருவரையும் பார்த்தாள். “ரெண்டு பேரும் வாய மூடுங்க. இல்லாட்டி நான் ஆரம்பிச்சிருவேன்.”

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கிருபாராணி கையைப் பார்த்துவிட்டு, “எப்படி முறிஞ்சது?” என்று கேட்டாள்.

“தலைவர் தூக்கிவிட்டாரும்மா,” என்றான் முத்துக்கண்ணன்.

தேர்தல் நடந்தது. ஓட்டுப் போடவேண்டிய எதிரணிக்காரர்களில் பாதிப் பேர் படுக்கையில் இருந்ததால் அழகுராஜா ஜெயித்தார். தோற்றவர்கள் ஜெயித்தவரை வாழ்த்துவதும் அமெரிக்க முறைதான் என்று பிரேம்சிங் கண்டுபிடித்துச் சொன்னான். ஞானதுரையும் வீரையாவும் போய் வாழ்த்தினார்கள். துணைத் தலைவர்கள் ஆனார்கள். மூவரும் கூடிய முதல் கூட்டத்தில், ஒற்றுமைக்கு ஊறு விளைவித்த தவசியையும் முத்துக்கண்ணனையும் பேரவையை விட்டு நீக்கித் தீர்மானம் போட்டார்கள். பேரவையின் சரித்திரத்திலேயே ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான்.

ஸ்டாண்டுக்குள் வண்டியை விட முடியாது. இருந்த இரண்டு ஜீப்பில் ஒன்றை மட்டும் எடுத்துத் தவசி ஓட்ட, முத்துக்கண்ணன் புதுக் கட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து ஆள் கூப்பிட்டான். ஊருக்கு வெளியே, தென்னந்தோப்பு ஓரத்தில் வண்டி நிற்கும். முதல் நாள் யாரும் வரவில்லை. இரண்டாம் நாள், மலையிலிருந்து தம்பி வீட்டுக்கு இறங்கியிருந்த ரோஜா காலை இழுத்துக்கொண்டு வந்தாள்.

“பிரேக்கு இருக்கா?”

“இருக்குக்கா.”

“அமுக்கிக் காட்டு.”

தவசி அமுக்கிக் காட்டினான். அவள் குனிந்து சக்கரத்தைப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டாள். மறுநாள் அவள் சொல்லி வேறு பெண்களும் வந்தார்கள்.

அப்படி வண்டி நிறைந்து கிளம்பிய ஒரு காலையில்தான் முந்தல் ரோட்டில் ஊர்வலம் எதிர்ப்பட்டது. ‘மாபெரும் ஒற்றுமை நடை’ என்று துணி கட்டியிருந்தது. அழகுராஜா நடுவில், ஒரு பக்கம் மூக்கில் பிளாஸ்திரியோடு வீரையா, மறுபக்கம் கையில் கட்டோடு ஞானதுரை. மூவரும் விரலோடு விரல் கோர்த்து ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தார்கள். பின்னால் மேளம். பிரேம்சிங் முன்னால் ஓடிவந்து வண்டியை நிறுத்தச் சொன்னான்.

“நல்ல சமயத்துல வந்தீங்க. ரெண்டு பேரும் எறங்கி வாங்க. மன்னிச்சுட்டோம். ஒரு போட்டோ மட்டும்.”

தவசி மாப்பிள்ளையைப் பார்த்தான். “என்ன செய்ய மாப்ளே?”

“ஆரன் அடி.”

அடித்தான். மேளக்காரர்கள் ஒதுங்கினார்கள். கொடிக்காரர்கள் ஒதுங்கினார்கள். தலைவர்கள் ஒதுங்கவில்லை.

“இன்னும் என்ன செய்ய?”

முத்துக்கண்ணன் நல்ல கையை நீட்டிக் கியரை முதல் பல்லில் தள்ளினான். “ஏத்து மச்சான்.”

வண்டி மெல்லத்தான் நகர்ந்தது. பிரேம்சிங் பம்பரில் கைவைத்துப் பின்பக்கமாகவே நடந்து, நடந்து, கால் தடுக்கி ஓரத்தில் விழுந்தான். மூன்று தலைவர்களும் பின்வாங்கினார்கள். கையை விட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் தாவியிருந்தால் தப்பித்திருக்கலாம். ஆனால் முதலில் கையை விடுகிறவர்தான் ஒற்றுமையைக் குலைத்தவர் ஆவார். ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். பிடி இறுகிற்று. அப்படியே கோர்த்த கையோடு ஓரத்துப் பள்ளத்தில் ஒருவர்மேல் ஒருவராக, கல்லிலும் முள்ளிலும் அடிபட்டு உருண்டு போனார்கள். ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. யாருடையது என்று முத்துக்கண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை.

“என்னப்பா அது சத்தம்?” என்று பின்னாலிருந்து ரோஜா கேட்டாள்.

“பேரவை எறங்குதுக்கா,” என்றான் தவசி.

“எறங்குறவுக எறங்கட்டும். நீ வெரசா ஏத்து. கங்காணி தோட்டத்துக் கேட்டச் சாத்திருவான்.”